குரலுக்கு மேடை, உடலுக்குச் சிறை: ஜீன் ஆமன்ஸின் இசை வாழ்வு



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு நூலைப் பற்றியோ ஒரு போராட்டத்தைப் பற்றியோ பேசுவது வழக்கம். நான் ஒரு சாக்ஸபோன் கலைஞரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1925இல் சிகாகோவில் பிறந்து, 1974இல் அங்கேயே இறந்துபோன ஜீன் ஆமன்ஸ். தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், “இவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்றார். நியாயமான கேள்விதான். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் படி வேண்டும் என்று கேட்டார். சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல. ஆனாலும் அவர்களிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு என்று அண்ணல் நினைத்தார். அந்தத் தைரியத்தில்தான் பேசுகிறேன்.

சாக்ஸபோன் என்றதும் நமக்குக் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவார். அவர் வாசித்தது ஆல்டோ. ஆமன்ஸ் வாசித்தது அதைவிடப் பெரிய டெனர். அதன் குரல் தாழ்ந்தது; நடுவயது ஆண் ஒருவர் நெஞ்சிலிருந்து பேசுவது போல இருக்கும்.

ஜீனின் அப்பா ஆல்பர்ட் ஆமன்ஸ் சிகாகோவில் டாக்சி ஓட்டியவர். பூகி-வூகி பியானோவில் பெயர் எடுத்தவர். தெற்கு மாநிலங்களின் ஒடுக்குமுறையிலிருந்து தப்பி வடக்கே வந்த லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் சிகாகோவின் தெற்குப் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். வாடகைக்குப் பணம் இல்லாதவர்கள் வீட்டிலேயே கொண்டாட்டம் வைப்பார்கள். வருகிறவர்களிடம் காசு வாங்கி வாடகையைக் கட்டுவார்கள். விடிய விடிய ஆட்டத்துக்குப் பியானோ வேண்டும். பூகி-வூகி வளர்ந்தது அந்த அறைகளில்தான். 1938இல் அதே ஆல்பர்ட் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் வாசித்தார்.

மகன் படித்தது டுசாபிள் உயர்நிலைப் பள்ளி. அங்கே வால்டர் டயட் என்ற கண்டிப்பான இசை ஆசிரியர் இருந்தார். ஜானி கிரிஃபின், வான் ஃப்ரீமன், டைனா வாஷிங்டன் எல்லாரும் அவருடைய மாணவர்கள். ஏழைப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நகரத்தின் இசையே உருவாகி வந்தது. ஒரு நல்ல ஆசிரியர் என்ன செய்யக்கூடும் என்பதை இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை.

1944இல், 19 வயதில், பில்லி எக்ஸ்டைன் குழுவில் சேர்ந்தார் ஆமன்ஸ். சார்லி பார்க்கரும் டிஸி கில்லெஸ்பியும் இருந்த குழு அது. பீபாப் என்ற புது ஜாஸ் அங்கேதான் கொதித்துக்கொண்டிருந்தது. மின்னல் வேகம், சிக்கலான சுரக்கட்டு. ஆமன்ஸுக்கு அதெல்லாம் தெரியும். டெக்ஸ்டர் கார்டனோடு சரிக்குச் சரியாக நின்று வாசித்திருக்கிறார். ஆனாலும் தன் சொந்த வாசிப்பை அவர் ப்ளூஸின் மீதுதான் கட்டினார்.

ப்ளூஸைச் ‘சோகப் பாட்டு’ என்று மொழிபெயர்ப்பது பாதி உண்மைதான். ஒரு வரியைச் சொல்வது, அதையே திரும்பச் சொல்வது, மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்வது என்பது அதன் பழைய அமைப்பு. அந்தப் பதிலில் கேலி இருக்கும், கோபம் இருக்கும், காதலும் இருக்கும். ஆமன்ஸ் சாக்ஸபோனில் அப்படித்தான் பேசினார். ஒரு சுரத்தை நீட்டிப் பிடிப்பார், கேட்பவர் உள்வாங்க இடம் விடுவார், பிறகு அடுத்ததைச் சொல்வார்.

1950இல் செஸ் நிறுவனம் அந்தப் பெயரில் வெளியிட்ட முதல் இசைத்தட்டு ஆமன்ஸ் வாசித்த ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’. அடுத்த எண்ணில் வந்தது மடி வாட்டர்ஸின் ப்ளூஸ். ஒரு சினிமாப் பாட்டும் டெல்டா மண்ணின் ப்ளூஸும் அடுத்தடுத்து வந்தன. அவற்றை வாங்கிக் கேட்டவர்களும் பெரும்பாலும் ஒரே மக்கள்தான்.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. ஆமன்ஸ் ஹெராயினுக்கு அடிமையானார். அதை நாம் மறைக்க வேண்டாம். நோய்க்கு அவருக்குக் கிடைத்தது மருத்துவமனை அல்ல, சிறை. 1958 முதல் 1960 வரை ஒரு முறை. 1962 முதல் 1969 வரை ஏழு ஆண்டுகள் இன்னொரு முறை.

இரண்டு சிறைகளுக்கும் இடையில் கிடைத்த சிறு இடைவெளியில் அவர் பதிவு செய்தவற்றைப் பாருங்கள். 1960 ஜூன் மாதம் ‘பாஸ் டெனர்’. அதில் ‘கனேடியன் சன்செட்’ என்ற பிரபலமான மெட்டை ரே பரேட்டோவின் காங்கா தாளத்தோடு வாசிக்கிறார். அவசரமே இல்லை. சிறையிலிருந்து வெளியே வந்த மனிதர், நேரம் முழுவதும் தன்னுடையது என்பது போல வாசிக்கிறார். 1962இல் ‘ப்ரீச்சின்’ என்று தேவாலயப் பாடல்களையே ஒரு தொகுப்பாக வாசித்தார்.

பிறகு கதவு மூடியது. ஆனால் இசைத்தட்டுகள் நிற்கவில்லை. முன்பே பதிவு செய்து வைத்திருந்தவற்றை ப்ரெஸ்டீஜ் நிறுவனம் ஒவ்வொன்றாக வெளியிட்டது. 1964இல் ‘வெல்வெட் சோல்’, 1965இல் ‘ஏஞ்சல் ஐஸ்’. குரல் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. மனிதர் கம்பிக்குப் பின்னால் இருந்தார்.

தோழர்களே, இந்த இடத்தில்தான் எனக்கு என் தாத்தா நினைவுக்கு வந்தார். ஊரில் அவர் பறை இல்லாமல் பிணம் எழாது, திருவிழா தொடங்காது. ஆனால் அவர் இழவு வீட்டு வாசலில் தள்ளித்தான் நிற்க வேண்டும். சாப்பாடு தனியாக, தண்ணீர் தனியாக. இன்று பறை நகரத்து மேடைகளில் ஒலிக்கிறது; எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் கைதட்டும் ஒவ்வொருவரிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சத்தம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது, அடிப்பவனை உங்கள் வீட்டுக்குள் விடுவீர்களா? நம் எழுத்தைப் பாராட்டுகிறவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

1969இல் ஆமன்ஸ் வெளியே வந்தார். அடுத்த மாதமே ஸ்டுடியோவில் இருந்தார். ‘தி பாஸ் இஸ் பேக்’ என்று தொகுப்புக்குப் பெயர். ஏழு ஆண்டுகளில் ஜாஸ் உலகமே மாறியிருந்தது. ஜான் கோல்ட்ரேன் வந்து, உச்சம் தொட்டு, இறந்தும் போயிருந்தார். ஆமன்ஸ் புதிய தாளங்களை ஏற்றுக்கொண்டார். தன் குரலை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த விடுதலைக்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது ஐந்து ஆண்டுகள்கூட இல்லை. 1974 மார்ச்சில் கடைசித் தொகுப்பைப் பதிவு செய்தார். அதன் பெயர் ‘குட்பை’. ஆகஸ்ட் 6ஆம் நாள், 49 வயதில் இறந்தார்.

இன்று வீட்டுக்குப் போனதும் ‘கனேடியன் சன்செட்’டைத் தேடிக் கேளுங்கள். இனிமையான வாசிப்பு. இரண்டாம் முறை கேட்கும்போது, அதை வாசித்தவர் எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே அனுப்பப்பட்டார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழரும் தன்னை அப்படித்தான் வாசிக்கச் சொன்னார்.