துலாவும் கரும்பலகையும்

(யாழ்ப்பாணத்துக் கிராமப் பாடசாலை ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நாம் பின்னங் கற்ற கதையை முதலிற் கூறிவிடுகிறோம். ஆசிரியர் கரும்பலகையில் வட்டமொன்று கீறி, அதனைக் கேக் என்றார். பதினாறில் மூன்று பங்கு எது என்று கேட்டார். கேக் என்பதை அன்றுவரை நாம் கண்டதில்லை. விடை பிழைத்தது, பிரம்பு விழுந்தது. அன்று மாலையே ஐயாவுடன் எமது மூன்று பரப்பு வெங்காயத் தோட்டத்தில் நின்றோம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது எமக்கு மனப்பாடம். நாம் நின்ற நிலமே ஏக்கரில் 3/16 என்று எவரும் சொல்லவில்லை. அந்த ஆசிரியரும் தோட்டக்காரரின் மகனே என்பதுதான் வேடிக்கை!

துலாவை எண்ணிப் பாருங்கள். இறைக்கும் இயந்திரம் வந்தபின் அது அருகிவிட்டது. ஆயினும் அதை மிதித்த பெரியோர் இச்சபையில் இருக்கிறார்கள். விஞ்ஞான நூல் பொறுதி, சுமை, எத்தனம் என்று மூன்று சொற்களைச் சொல்கிறது. ஆடுகால் தாங்குமிடம் பொறுதி. பட்டையில் எழும் நீர் சுமை. மிதிப்பவரின் உடற்பாரம் எத்தனம். பாட்டனார் ஒருவர் அரைமணி நேரம் வகுப்பில் வந்து பேசினால், நெம்பு பற்றிய பாடம் பிள்ளையின் நெஞ்சை விட்டு அகலுமா?

இது புதுமையன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். அந்நியர் ஒருவருக்குத் தோன்றியது, இங்கு வந்திருக்கும் வைத்தியர்களுக்கும் பொறியியலாளர்களுக்கும் தோன்றலாகாதா?

வீட்டறிவு யாவும் சரியென்று நாம் வாதாடவில்லை. கிணறு வற்றினால் இன்னும் ஆழமாகத் தோண்டு என்பது வீட்டறிவு. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நம் குடாநாட்டில், சுண்ணக்கல்லினூடே இறங்கும் மழைநீர் கனத்த உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கிறது. அளவு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறும். உரத்தை அள்ளிக் கொட்டினால் நைத்திரேற்று அதே கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். அந்நீரிற் கரைத்த பால்மா பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. இதைத் தந்தைக்கு எடுத்துச் சொல்லவேண்டியவன் பள்ளியிற் படிக்கும் மகன். அவனோ நிலத்தடி நீரைப் பரீட்சைக்கு எழுதிவிட்டு, வீட்டுக் கிணற்றை எட்டிப் பாராமலே உறங்குகிறான்!

ஆகவே ஒன்று கேட்கிறோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மாதந்தோறும் பத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்கட்டும். வாய்ச்சுவை கொண்டே உவரை அறியும் கமக்காரர் உடன் செல்லட்டும். கணக்கு ஆசிரியர் அந்த இலக்கங்களை வரைபாக்கிக் கொடுக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் தொடங்குதல் நன்று. முதற் கிணறு எங்களுடையதாகட்டும். அளவுக் கயிறும் நாமே தருகிறோம்.