ஆற்காட்டார் மகன் தந்த அளவுகோல்

(சேத்தியாத்தோப்புப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை, தோழர்கள் படித்துச் சிந்திக்க எழுத்து வடிவில்.)



வெள்ளாற்றங்கரையில் கூடியிருக்கிறோம். வடக்கே சென்றால் வடலூர். சாதி கேளாது சோறிட 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு எரியும் ஊர். கிழக்கே சென்றால் தில்லை. நந்தனைத் தீயில் இறக்கிய பின்னரே உள்ளே விட்டதாகப் புராணம் பேசும் ஊர். ஒருபுறம் பசியைப் போக்கிய நெருப்பு. மறுபுறம் பிறப்பைச் சுட்ட நெருப்பு! இரண்டுக்கும் நடுவே நின்று, மதத்தின் பேரால் மனிதனை ஒதுக்கும் கொடுமையை உலகம் எங்ஙனம் கணக்கெடுக்கிறது என்பதைப் பேச வந்தேன்.

உலகக் கதை நமக்கேன் என்று எண்ணிவிடாதீர்கள். ஐக்கிய நாடுகள் சபைக்காக அந்தக் கணக்கை விரிவாக எழுதித் தந்தவர் ஒரு தமிழர்! நீதிக்கட்சியின் தளபதிகளுள் ஒருவர் ஆற்காடு இராமசாமி முதலியார். 1946இல் ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவராக வீற்றிருந்தவர். அவருடைய மகன் ஆற்காடு கிருஷ்ணசாமி, தமிழகத்திலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். மத உரிமைகளில் எங்கெங்கே பாகுபாடு என்று ஆராயும் பணியை ஐ.நா. அவரிடம் ஒப்படைத்தது. 80க்கும் மேற்பட்ட நாடுகளின் செய்திகள் திரட்டப்பட்டன. 1960இல் அறிக்கை வெளிவந்தது. அதில் 16 விதிகளையும் வகுத்துத் தந்தார்.

அந்த ஏட்டின் சிறப்பு யாது? நம்பிக்கை என்னும் சொல்லுக்குள் கடவுளை ஏற்போரை மட்டும் அவர் அடைக்கவில்லை. நாத்திகத்தையும் பகுத்தறிவையும் சேர்த்தே எண்ணினார். கும்பிடும் உரிமையோடு நிற்கவில்லை. ஊர்வலம், உணவு, திருமணம், இறந்தாரை அடக்கும் முறை வரை அளந்தார்.

அந்த விதை முளைத்து மரமாக 21 ஆண்டுகள் ஆயின. மத சகிப்பின்மையையும் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபை 1981 நவம்பர் 25 அன்று நிறைவேற்றியது. 1986 முதல் அதற்கென அமர்த்தப்பட்ட தனி அறிக்கையாளர் நாடுகளின் நடப்பைக் கவனித்து எழுதலானார்.

அதே 1981 பிப்ரவரியில் நெல்லைச் சீமையின் மீனாட்சிபுரத்தில் நடந்தது என்ன? தீண்டாமையின் வெம்மை தாளாமல் நூற்றுக்கணக்கான தாழ்த்தப்பட்ட மக்கள் இசுலாத்தைத் தழுவினர். டில்லி அதிர்ந்தது! 'ஏன் மாறினாய்?' என்று அவனைக் கேட்க ஓடி வந்தோர் பலர். 'ஏன் அவனை மனிதனாக நடத்தவில்லை?' என்று ஊரைக் கேட்டோர் எத்தனை பேர்?

மாறியவன் இழந்ததையும் கேளுங்கள். பட்டியல் சாதி என்னும் தகுதியை 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை மதத்தோடு பிணைத்தது. 1956இல் சீக்கியர் முழுமையாகச் சேர்க்கப்பட்டனர்; 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் வாசலுக்கு வெளியே நின்றனர். கோயிலை விட்டால் சாதியும் விட்டுவிடும் என்பது சட்டத்தின் கணக்கு! விட்டதா? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதியால் பிரித்ததே ஒரு சுவர், அது எந்தக் கணக்கு?

2008இல் ஐ.நா. அறிக்கையாளராக இந்தியா வந்தார், பாகிஸ்தானின் வழக்கறிஞர் அஸ்மா ஜகாங்கீர். பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரித்துவிடுங்கள் என்று தம் அறிக்கையில் எழுதினார். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும், கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர்க்கு அவ்வுரிமை வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜெனீவாவின் ஏடும் சென்னையின் தீர்மானமும் ஒரே கதவைத் தட்டின!

'எம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க அயலான் யார்?' என்று சீறுவோர் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இந்தியர் படும் பாட்டைப் பாரீர் என்று 1946இல் ஐ.நா.வில் முறையிட்டது எந்த நாடு? இந்தியா! ஈழத் தமிழர்க்கு நீதி கேட்டு ஜெனீவாவை நோக்கியது யார்? நாம்! அடுத்த வீட்டை அளக்கக் கோல் வேண்டும். அதே கோல் நம் வாசலுக்கு வந்தால் வெகுளி வரலாமா?

அதற்காக, அளக்க வருவோர் அனைவரும் அறவோர் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கா 1998இல் தனிச் சட்டம் இயற்றி, உலக நாடுகளுக்கு மதிப்பெண் போடத் தொடங்கியது. மத உரிமையை நசுக்கும் நாடுகளின் பட்டியலில் 2004இல் சவுதி அரேபியாவைச் சேர்த்தது. தண்டனையை மட்டும் தன் நாட்டு நலன் கருதித் தள்ளிவைத்தது! எண்ணெய்க் கிணற்றின் அருகே தராசு தள்ளாடுகிறது, தோழர்களே! தராசு பழுதென்றால் செப்பனிடுவோம். எடையே வேண்டாம் என்று சொல்வோமா?

அணைக்கட்டிலே அளவுக்கல் இருந்தால், வெள்ளம் எத்தனை அடி என்று காட்டும். கல் வெள்ளத்தை வடிக்காது. மதகைத் திறக்க மனிதன் வரவேண்டும். அறிக்கை அந்தக் கல். மனிதன் யார்? நீங்கள்!

அறிக்கையாளர் என்றோ ஒரு நாள் வருவார். அநீதியோ அன்றாடம் நடக்கிறது. ஆகவே ஒவ்வொரு கிளையிலும் ஓர் ஏடு திறவுங்கள். எந்தக் கோயிலில் எவருக்குத் தடை, எந்தத் தெருவில் எவருடைய பிணத்துக்குப் பாதை இல்லை, எந்த மதத்தான் என்று கேட்டு எவருக்கு வாடகை வீடு மறுக்கப்பட்டது என, நாளும் இடமும் பிசகாமல் எழுதுங்கள். தடுத்தவர் நம் உறவினராயினும் எழுதுங்கள். நம் கட்சிக்காரராயினும் விடாமல் எழுதுங்கள்! எழுதியதை வட்டாட்சியரிடம் கொண்டு செல்லுங்கள். தீராவிடில் நீதிமன்றம் வரை செல்லுங்கள்.

ஆற்காட்டார் மகன் உலகை அளந்தார். நாம் நம் தெருவை அளப்போம்.