புகலும் ஒப்படைப்பும்

(நாஞ்சில் நாட்டுச் சுசீந்திரத்தில் ஆற்றிய பொழிவு)

  

இவ்வூர்த் தாணுமாலயன் கோயிலில் முற்காலத்தே கைமுக்கு என்றொரு வழக்கம் இருந்தது. ஒழுக்கக் குற்றஞ் சாட்டப்பெற்ற நம்பூதிரியைக் கொதிக்கும் நெய்யிற் கைவிடச் செய்தனர். கை வெந்தாற் குற்றவாளி, வேகாவிடிற் குற்றமற்றவன். பின்னர் அரசர் சுவாதித் திருநாள் அக்கொடுமையை ஒழித்தார். கொதிக்கும் நெய் உண்மை சொல்லாது. ஆராய்ந்த சான்றே சொல்லும்.

இதனை ஏன் நினைவூட்டுகின்றேன்? ஒருவன் குற்றஞ்செய்து வேற்றுநாட்டுக்கு ஓடினால், அவனைத் தருமாறு ஓர் அரசு மற்றோர் அரசைக் கேட்கின்றது. அதற்கென இரு நாடுகள் செய்துகொள்வதே குற்றவாளி ஒப்படைப்பு உடன்படிக்கை. கேட்டவுடன் கையைக் கட்டிக் கொடுப்பதன்று அது. இந்தியாவின் 1962-ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டப்படி, நடுவர் ஒருவர் சான்றுகளை ஆராய்தல் வேண்டும். வழக்குக்கு அடிப்படை உண்டென்று கண்டாலன்றி அனுப்புதற்கில்லை. அரசியற் குற்றத்திற்காக ஒருவரை ஒப்படைத்தலும் ஆகாது. ஆயின், கொலை முதலான கொடுஞ்செயல்களுக்கு அரசியற் போர்வை போர்த்தித் தப்புதற்கு அச்சட்டம் இடந்தரவில்லை. அதுவும் முறையே; புகல் என்பது கொலைஞனுக்குக் கோட்டையன்று.

இந்த ஆராய்ச்சியின் அருமையை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையை அடுத்து வருவது கொலைக்களக் காதை. பொற்கொல்லன் சொல்லை மன்னன் ஆராயாது நம்பினான்; அடைக்கலம் கொலைக்களமாயிற்று.

அண்மைக் காலத்திற்கு வருவோம். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையில் 1908-இற் பாரதியாரும், 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் புகலடைந்தனர். ஆங்கிலேயர் அங்கே ஒற்றரை ஏவினர். ஐயர் வீட்டுக் கிணற்றிற் பொய்ச்சான்றுகள் அடங்கிய சாடியொன்று போடப்பட்டிருந்தது. அதனைக் கண்டெடுத்த நண்பர்கள் தாமே காவலர்க்கு அறிவித்தனர். பிரெஞ்சு நடுவர் வந்து ஆராய்ந்தார், பழி நிலைக்கவில்லை. 1918 நவம்பரிற் பாரதியார் தாமே எல்லை கடந்தபோதுதான் கடலூரருகே ஆங்கிலேயர் அவரைச் சிறைப்படுத்த இயன்றது. இடையில் ஓர் ஆராய்ச்சி இருந்தமையாற் பொய்ச்சாடி தோற்றது.

பெருமக்களே! ஒப்படைப்பு வேறு, நாடுகடத்தல் வேறு. முன்னதில் நடுவரின் ஆராய்ச்சி உண்டு. பின்னதில் ஆட்சியாளர் ஆணையே போதும். 1983-க்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத்தமிழரை எண்ணிப் பாருங்கள். நம் மாவட்டத்து முகாம்களிலும் அவர்கள் வாழ்கின்றனர். ஏதிலியர் பற்றிய 1951-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா இணையவில்லை. ஏதிலியர்க்கெனத் தனிச்சட்டமும் இங்கில்லை. ஒரு நாடு குற்றஞ்சாட்டிக் கேட்கும் ஒருவனுக்குச் சட்டம் வரையறுத்த ஆராய்ச்சி, எக்குற்றமும் சாட்டப்பெறாத ஏதிலிக்கு வரையறுக்கப்படவில்லை! இஃது என்ன முறை?

நாம் சலுகை கேட்கவில்லை. எவரையும் எல்லைக்கப்பால் அனுப்புமுன், அவர் சொல்லையும் கேட்டு, ஆங்கு அவர் உயிர்க்கு ஊறு நேருமா என ஆராயும் மன்றம் ஒன்று சட்டத்தால் அமைதல் வேண்டும். கைமுக்கு ஒழிந்த இவ்வூரினின்று அக்குரல் எழுவது தகும். ஆராயாது அனுப்புவதும் கொதிக்கும் நெய்யிற் கைவிடச் செய்வதே.