மேக்னீட்டோ பிடிக்குமா? அப்போ இதைப் படிங்க

உங்க ஃபேவரைட் காமிக்ஸ் வில்லன் யாருன்னு சொல்லுங்க, நான் ஒரு புத்தகம் சொல்றேன்.

ஜோக்கர்னா ஈஸி. விக்டர் ஹ்யூகோ 1869-ல எழுதின 'தி மேன் ஹூ லாஃப்ஸ்'. முகம் நிரந்தரச் சிரிப்பா சிதைக்கப்பட்ட ஒருத்தனோட கதை. 1928-ல அது படமாச்சு. அந்த ஹீரோவோட தோற்றம்தான் ஜோக்கர் முகத்துக்கே ஒரு மூலம். நாவல் நீளம், பொறுமை வேணும்.

ஆனா எனக்கு மேக்னீட்டோதான். 1963-ல அறிமுகமானப்போ அவர் சாதாரண வில்லன். பின்னாடி கிறிஸ் கிளேர்மான்ட் எழுதினப்போதான், ஆஷ்விட்ஸ் வதைமுகாம்ல பிழைச்சவர்னு ஆனார். 'எங்க ஆட்களுக்கு இது மறுபடி நடக்கக் கூடாது'ங்கிற அவரோட பயத்தை என்னால தப்புன்னு சொல்லவே முடியல. அதுக்காக மத்தவங்களைக் கொல்லத் துணியறதுதான் சிக்கல்.

நீங்களும் அவர் கட்சின்னா, பிரிமோ லெவியோட 'இஃப் திஸ் இஸ் எ மேன்' படிங்க. லெவி இத்தாலிய வேதியியலாளர். 1944-ல, 24 வயசுல, நிஜமாவே ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டவர். புத்தகம் 1947-ல வந்தது. அதுல கத்தல் கிடையாது. ஷூ பத்தி ஒரு இடம் வரும். அளவு சேராத ஷூ காலைப் புண்ணாக்கும், புண் வீங்கும், வீங்கினா வேலை செய்ய முடியாது, முடியலேன்னா சாவு. அவ்வளவு நிதானமா எழுதியிருக்கார். மேக்னீட்டோ கத்துறதைவிட எனக்கு இதுதான் அதிகமா வலிச்சது.

சின்னப் புத்தகம்தான். ஆனா தூங்கப் போறதுக்கு முன்னாடி எடுக்காதீங்க.