அருணாச்சலம் போகலாமா?



அருணாச்சலப் பிரதேசத்தில் நீர்மின் திட்ட வேலைக்கு எனக்கு அழைப்பு வந்தது. 2011 கணக்கெடுப்புப்படி அங்கே சதுர கிலோமீட்டருக்கு 17 பேர், தமிழ்நாட்டில் 555. உள்ளே போகவே அனுமதிச் சீட்டு வேண்டும். வெளியார் நிலம் வாங்க முடியாது. எத்தனை வருடம் இருந்தாலும் விருந்தாளிதான்.

ஆர்.எஸ்.புரம் வீட்டில் அம்மா தனி. "நீ போ கண்ணு, நான் இருந்துக்கறேன்" என்றார். அந்தச் சொல்தான் தூங்க விடவில்லை.

1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் நம்மூர் மில்கள் பெருகின. அந்த மலைக்கும் யாரோ வீட்டை விட்டுப் போயிருப்பார்கள் அல்லவா?

இரண்டே வருடத்துக்கு ஒப்புக்கொண்டேன். ஊரில் இருக்கும் நண்பர்களே, அம்மாவை ஒரு எட்டு பார்த்துக்கொள்ளுங்கள்.