தொலைந்த திருகாணி



பங்கு இல்லத்துப் பழைய வேக்குவம் கிளீனரை, நின்றபடி தள்ளும் அந்த வகையை, சென்ற வாரம் கழற்றிப் போட்டோம். உருளைத் தூரிகையில் தலைமுடியும் பட்டு இழையும் இறுகச் சுற்றியிருந்தன. காஞ்சிபுரத்தில் வேறென்ன சுற்றும்! உதவிக்கு வந்த பீடச்சிறுவன், தறிவீட்டுப் பிள்ளை, அறுந்த இழையை முடியும் பொறுமையோடு ஒவ்வொன்றாய் எடுத்தான். தேய்ந்த ரப்பர் பெல்ட்டையும் மாற்றினோம்.

இவ்வகைக் கருவியை உருவாக்கியவர் ஜேம்ஸ் ஸ்பாங்ளர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கடையைப் பெருக்கிவந்த ஆஸ்துமா நோயாளி. தூசி தாங்காமல் மோட்டார், துடைப்பக் கழி, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துச் செய்து, 1908-இல் காப்புரிமை பெற்றார்.

திரும்பப் பூட்டும்போது ஒரு திருகாணி குறைந்தது. “நீதான் தொலைத்திருப்பாய்” என்று சிறுவனைக் கடிந்தோம். பதில் பேசாமல் போய்விட்டான். மறுநாள் திருப்பலிக்கும் வரவில்லை.

லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, காணாமற்போன நாணயத்தைத் தேடுகிறாள். அவள் யார்மீதும் பழி போட்டதாக லூக்கா எழுதவில்லை. நாமோ பழியை முதலில் போட்டோம். பிறகுதான் டார்ச்சை எடுத்தோம். நம் கையால் கொட்டிய தூசிக்குள்ளேயே திருகாணி கிடந்தது.

அந்தப் பெண் அண்டை வீட்டாரை அழைத்தாள். நாம் சிறுவனின் வீட்டுக்கு நடந்தோம். தறிக்குழியிலிருந்து அவன் தந்தை பதறி எழுந்தார். அவர் முன்பாகவே பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம்.

மாலையில் வந்தான். திருகாணியை அவனே முடுக்கினான்.