தொண்டுக்குப் புறப்படும் முன்

தோட்டத்தில் புதிதாகப் பால் வெட்ட வருகிறவரை முதல் நாளே நல்ல மரங்களில் விட்டுவிடுவதில்லை. கத்தியைப் பிடிக்கும் முறையை முதலில் கற்றுக் கொடுப்பார்கள். பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டுவார்கள். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டுவிட்டால், அந்த இடத்தில் பட்டை மறுபடி சீராக வளராது. ஒரு மரத்தைத் தொடுவதற்கே இத்தனை பழக்கம் வேண்டுமென்றால், மனிதருடைய நோயையும் துக்கத்தையும் சாவையும் தொட்டுப் பணி செய்யப் போகிற இளைஞனுக்கு எவ்வளவு பழக்கம் வேண்டும்?

நம் நாட்டிலேயே இந்தப் பழக்கத்தைக் கொடுக்கும் ஒரு பழைய இடம் உண்டு. பினாங்கில் உள்ள காலேஜ் ஜெனரல் என்னும் கத்தோலிக்கக் குருமடம் அது. நேயர்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், அதன் வரலாற்றில் நமக்குக் கற்றுக்கொள்ளச் சில செய்திகள் இருக்கின்றன.

இந்தக் குருமடம் 1665ஆம் ஆண்டில் சயாம் நாட்டின் தலைநகரான அயூத்தியாவில் தொடங்கப்பட்டது. ஆசிய நாடுகளின் இளைஞர்களைக் குருமார்களாகப் பயிற்றுவித்து, அவரவர் மக்களிடமே பணிக்கு அனுப்புவது அதன் நோக்கம். நடத்தியவர்கள் பாரிஸ் நகரத்து மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருமார்கள். 1760களில் பர்மியப் படையெடுப்பு வந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் இடம் விட்டு இடம் ஓட வேண்டியதாயிற்று. அப்படி ஓடி வந்தவர்கள் 1770ஆம் ஆண்டில் எங்கே தங்கினார்கள் தெரியுமா? நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த அதே சோழமண்டலக் கரையில், புதுச்சேரிக்கு அருகிலுள்ள வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில்! சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே இருந்து, பிறகு குருமடம் மூடப்பட்டது. மீண்டும் 1808ஆம் ஆண்டில் பினாங்கில் திறக்கப்பட்டு, புலாவ் தீக்குஸ் பகுதியில் வேரூன்றியது. 1980களில் அங்கிருந்து தஞ்சோங் பூங்காவுக்கு மாறியது. பழைய நிலத்தில் இன்று கர்னி பிளாசா பேரங்காடி நிற்கிறது.

சரி, அங்கே மாணவர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது?

வியட்நாமியர், சீனர், சயாமியர், பர்மியர் என்று பல தேசத்துப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஆகவே இலத்தீன் மொழியே பாடத்திற்கும் பேச்சுக்கும் பொதுமொழியாக இருந்தது. அது அவர்களில் எவருக்கும் தாய்மொழி அன்று. எல்லாரும் ஒன்றுபோலத் திக்கித் திணறித்தான் அதைக் கற்றார்கள். பிறருடைய மொழிக்கு முன்னால் தலை குனிந்து நிற்பதே அவர்கள் பெற்ற முதல் பாடம் என்று சொல்லலாம்.

குருமட வாழ்க்கை மணியோசைக்குக் கட்டுப்பட்டது. விடியற்காலையில் எழுதல், தொழுகை, பாடம், உணவு, உடல் உழைப்பு, மௌனம், உறக்கம் எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பழகிய நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பிரட்டுக்குப் போனவருக்கு மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. குருமட மாணவனுக்குச் சம்பளம் இல்லை. ஏழெட்டு ஆண்டுகள் தத்துவமும் இறையியலும் படித்த பிறகும், 'இவன் தகுதியானவன்' என்று பெரியவர்கள் சொன்னால்தான் குருப்பட்டம்.

அந்த ஆண்டுகளை வெறும் காத்திருப்பு என்று சொல்லலாமா? இரண்டு பிரெஞ்சுக் குருமார்களின் கதையைக் கேளுங்கள். லோரான் இம்பேர் என்பவர் சீனாவுக்குப் போகப் புறப்பட்டவர். வழியில் தாமதம் ஏற்பட்டதால், 1821ஆம் ஆண்டில் சில மாதங்கள் இந்தக் குருமடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்னர் ஜாக் சாஸ்தான் என்பவரும் இங்கே ஆசிரியராக இருந்தார். பிற்காலத்தில் இருவரும் கொரியா நாட்டில் பணியாற்றி, 1839ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஒன்றாகவே மரண தண்டனை அடைந்தார்கள். பினாங்கில் அவர்கள் காத்திருந்த காலம் வீண்போகவில்லை. பல தேசத்துப் பிள்ளைகளோடு பொறுமையாகப் பழகிய காலம் அது.

அடுத்து, வியட்நாமிலிருந்து வந்த இரண்டு மாணவர்கள். ஒருவர் பேதுரு தோவான் கொங் குயீ. 1848 முதல் 1855 வரை, ஏழு ஆண்டுகள் பினாங்கில் பயின்றார். அவருடைய நாட்டு அரசர் கிறிஸ்தவ சமயத்தைத் தடை செய்திருந்த காலம் அது. ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் திரும்பினார். 1858ஆம் ஆண்டில் குருவானார். 1859ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அவருடைய தலை வெட்டப்பட்டது. பினாங்கில் மட்டும் ஏழாண்டுப் பயிற்சி. குருவாகப் பணி செய்ததோ ஓராண்டுகூட நிரம்பவில்லை! 1988ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

மற்றவர் பேத்ரூஸ் துரோங் வின் கீ. 1851இல் சிறுவனாக வந்தவர். ஏழாண்டுகள் படித்துப் பல மொழிகளில் தேறினார். 1858ஆம் ஆண்டில் தாயார் இறந்த சமயத்தில் ஊர் திரும்பினார். அதன் பிறகு அவர் குருவாகவில்லை. ஆனால் என்ன ஆனார்? 1863ஆம் ஆண்டில் பிரான்சுக்குப் போன வியட்நாமியத் தூதுக்குழுவில் மொழிபெயர்ப்பாளராகச் சென்றார். 1869 முதல், வியட்நாமிய மொழியை உரோமன் எழுத்தில் அச்சிட்ட முதல் செய்தித்தாளுக்கு ஆசிரியராக இருந்தார். அகராதியும் இலக்கணமும் எழுதினார். இன்றும் வியட்நாமியர் அவரைப் பேரறிஞர் என்று பேசுகிறார்கள்.

நேயர்களே, ஒரே குருமடத்தில் படித்த இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் குருவாகி உயிரைக் கொடுத்தார். மற்றவர் குருவாகாமல் தம் மொழிக்கு உழைத்தார். இருவர் பெற்ற பயிற்சியில் எது வீண்? இரண்டுமே வீண் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குருமடமோ, தாதியர் பயிற்சியோ, ஆசிரியர் பயிற்சியோ, எதுவானாலும் நம் பிள்ளை ஒன்று போய்விட்டு இடையில் திரும்பி வந்தால், நாம் என்ன செய்கிறோம்? 'போனவன் ஏன் வந்தான்?' என்று லயம் முழுவதும் பேசுகிறோம். அந்தப் பிள்ளை தலை நிமிர முடியாமல் தவிக்கிறான். பயிற்சிக் காலம் என்பதே சோதித்துப் பார்ப்பதற்காக வைத்த காலம். இந்தப் பணி எனக்கு ஏற்றதா என்று பிள்ளையும் பார்க்கிறான், இவன் இதற்கு ஏற்றவனா என்று ஆசிரியர்களும் பார்க்கிறார்கள். ஒவ்வாது என்று தெரிந்து நேர்மையாகத் திரும்புகிறவன் தோற்றவன் அல்லன். ஊருக்குப் பயந்து உள்ளேயே இருந்துவிட்டு, பிறகு அரை மனத்தோடு பணி செய்கிறவனால்தான் மரத்திலே காயம் படுகிறது.

தொடர்ந்து நிலைத்தவர்களுக்கும் நம் மண்ணிலேயே உதாரணம் உண்டு. சுங்கை பட்டாணியில் 1932ஆம் ஆண்டில் பிறந்த அந்தோணி சோட்டர் பெர்னாண்டஸ், முதலில் மருத்துவமனை உதவியாளராக வேலை பார்த்தவர். சம்பளம் வந்துகொண்டிருந்த அந்த வேலையை விட்டுவிட்டுக் குருமடம் சேர்ந்தார். பினாங்கு காலேஜ் ஜெனரலில் பயின்று, 1966ஆம் ஆண்டில் குருவானபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு. பின்னர் பினாங்கு ஆயராகவும், 1983 முதல் 2003 வரை கோலாலம்பூர்ப் பேராயராகவும் இருந்தார். 2016ஆம் ஆண்டில் மலேசியாவின் முதல் கர்தினால் ஆனார். 2020ஆம் ஆண்டில் மறைந்தார். நோயாளிகளின் அருகில் நின்று பெற்ற பழக்கமும் அவருடைய பயிற்சியில் ஒரு பகுதிதானே!

பெற்றோர்களே, ஒரு வார்த்தை. சம்பாதிக்கும் வயதுப் பிள்ளையைப் பல ஆண்டுகள் படிப்புக்கு விடுவது எளிதன்று. வீட்டில் ஒரு வருமானம் குறையும், தாய்க்குக் கண்ணீர் வரும். பினாங்குக்கு வந்த அந்த வியட்நாமியப் பிள்ளைகளின் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆகவே பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பும்போது அவனிடம் இரண்டு சொற்கள் சொல்லி அனுப்புங்கள். 'பொறுத்துக் கற்றுக்கொள்' என்பது ஒன்று. 'ஒத்துவரவில்லை என்றால் மறைக்காமல் வந்து சொல், கதவு திறந்திருக்கும்' என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது சொல்லைக் கேட்டுச் சென்ற பிள்ளை, பயத்தால் அல்லாமல் விருப்பத்தால் அங்கே நிலைப்பான். அப்படி நிலைத்தவன் செய்யும் தொண்டே பிறருக்கு உதவும்.